656இல் தேறியது 220இல் தேறுமா?

‘மெசினைக் குறை சொல்லாதீர்கள். காலையில் சுவிட்சைப் போட்டதும் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. வருடம் ஒருமுறை ஏஜென்டின் ஆள் வந்து ஹோல்மியம் வடிகட்டியை வைத்து அலைநீளத்தைப் பார்த்து ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போகிறார்.’ யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நைத்திரேற்று பற்றிப் பேச்செடுத்தால், தங்கள் நிறமாலை ஒளிமானியைப் பற்றி ஆய்வுகூடக்காரர் பலர் சொல்லும் சமாதானம் இது. எனக்குப் பிணக்கு அந்த ஸ்டிக்கரோடுதான்.

அதன் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். டியூற்றீரியம் விளக்கின் 656.1 நானோமீற்றர் கோடு இடம் மாறாது. அதைத் தேடிப் பிடிக்க மெசினுக்குக் காசு செலவில்லை. ஹோல்மியம் வடிகட்டி வருடக்கணக்கில் நின்றுபிடிக்கும். அலைநீளத்தில் பெரிய பிசகு எதுவானாலும் இரண்டில் ஒன்றில் அகப்பட்டுவிடும்.

சின்னப் பிசகு அகப்படுமா என்பதே கேள்வி. புறஊதா முறையில் நைத்திரேற்றை அளப்பது 220 நானோமீற்றரில். ஹோல்மியத்தின் முகடுகளோ 241இல் தொடங்கி 640 வரை போகின்றன. 220க்குக் கீழேயும் மேலேயும் அடையாளம் வைத்துப் பார்க்க அதனால் முடியாது. நடுவில் சோதித்துவிட்டு ஓரத்தில் அளக்கிறோம்.

அதைவிட மோசமானது ஏற்கத்தக்க பிசகின் அளவு. புறஊதாப் பகுதியில் ஒரு நானோமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவது வழக்கம். நைத்திரைற்றை 543இல் அளக்கும்போது நிற்பது அகன்ற முகட்டின் மேல். அங்கே அந்தச் சலுகை பாதகமில்லை. நைத்திரேற்றின் முகடு 200ஐ ஒட்டி இருக்கிறது. 220 அதன் செங்குத்தான சரிவு. கூரை முகட்டில் ஒரு சாண் தள்ளி நின்றால் உயரம் மாறாது, சரிவில் மாறும். ஒரு நானோமீற்றர் பிசகால் அளவு எட்டு வீதம் ஏறுகிறது என்று வையுங்கள்: லீற்றருக்கு 48 மில்லிகிராம் உள்ள கிணறு 52 என்று எழுதப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50. பிசகு மற்றப் பக்கம் போனால் 52 உள்ள கிணறு 48 ஆகி, கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கலாம் என்ற சான்றிதழோடு வீட்டுக்குப் போகும்.

யாழ்ப்பாணம் வற்றாத ஆறில்லாத குடாநாடு. சுண்ணக்கல்லுக்குள் ஊறும் தண்ணீர்தான் குடிக்கவும் இறைக்கவும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட உரமும் மலக்குழிக் கசிவும் அதில்தான் இறங்குகின்றன. 1980களிலேயே இது பதிவாகிவிட்டது. எண் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சுன்னாகம் காட்டியது. அங்கே எண்ணெய் கலந்த கிணறுகளுக்காக 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்தது. அது வேறு பரிசோதனைதான். ஆனாலும் கிணற்றுத் தண்ணீரின் எண் இங்கே வழக்காகும்.

எதிர்வாதம் தெரியும். நியமக் கரைசல்களையும் அதே மெசினில்தானே அளக்கிறோம், பிசகு இரண்டு பக்கமும் ஒன்றாக விழுந்து கழிந்துபோகும் என்பார்கள். பெரும்பாலும் சரி, அன்றைக்கே நியமம் கரைத்து அன்றைக்கே அளவுத்திருத்தக் கோடு வரைந்தால். நடப்பது அதுவா? எப்போதோ சேமித்த கோட்டை மெசினின் நினைவிலிருந்து அழைத்து, குவார்ட்ஸ் குவெட்டில் மாதிரியை ஊற்றி, திரையில் வந்த எண்ணைத் தாளில் எழுதுகிறார்கள். அந்தக் கோடு வரைந்த பிறகு அலைநீளம் அரை நானோமீற்றர் நகர்ந்திருந்தால் காலைச் சோதனை ஒன்றும் சொல்லாது. ஸ்டிக்கர் அடுத்த வருடம்வரை சிரித்துக்கொண்டிருக்கும். இதற்குக் கலிபிரேசன் என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. வாங்கியவரைத் திருப்திப்படுத்தும் சடங்கு என்றே சொல்வேன். கடுமையான சொல்தான், திருப்பி எடுக்க மாட்டேன்.

மாற்று இல்லாமலில்லை. மூடி முத்திரையிட்ட சீரியம் கரைசல் குவெட்டுகள் உண்டு. அவற்றின் முகடுகளில் ஒன்று 222ஐ அண்டி வரும். விலை அதிகம், சிறிய ஆய்வுகூடங்களுக்குக் கட்டாது என்பார்கள். கட்டாவிட்டால் போகட்டும். பொற்றாசியம் நைத்திரேற்றை உலர்த்தி நிறுத்துக் கரைத்து, மாதிரிகளுக்கு விடும் ஐதரோகுளோரிக் அமிலத்தை அதற்கும் விட்டு, அன்றைய கோட்டை அன்றே வரையட்டும். வரைந்த திகதியை அறிக்கைத் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் போடட்டும். அதற்கு எந்த ஏஜென்டும் கொழும்பிலிருந்து வரவேண்டியதில்லை.