முதல் மிதவை யாருக்கு?

அவுட்போர்டு படகுப் பந்தயத்தில் வேகம் இரண்டாம்பட்சம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் 1930களிலும் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளிலும் அமெரிக்க ஏரிகளில் நடந்த அமெச்சூர் பந்தயங்களைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

விஸ்கான்சினில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்கத் தொடங்கிய அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் மாட்டும் மோட்டார், வெறும் ஒன்றரை குதிரைசக்தி. மீன்பிடிக்கப் போகிறவருக்குத் துடுப்பு வலிக்கும் வேலை மிச்சம், அவ்வளவுதான். கழற்றிக் கையில் தூக்கிப் போகலாம் என்பதே அதன் பெருமை. பந்தயம் சாமானியன் கைக்கு வந்ததும் அதனால்தான். பிளைவுட் படகு ஒன்று, காரின் பின்னால் ஒரு டிரெய்லர், இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொள்ள ஒரு மைத்துனர். பந்தய மோட்டார்களில் நியூட்ரல் கிடையாது. கயிற்றைச் சுற்றி இழுத்து, மோட்டார் உயிர்பெற்ற நொடியே படகு பாய்ந்துவிடும். எரிபொருள் மெத்தனாலும் விளக்கெண்ணெயும். ஆமாம், நம் பாட்டிமார் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய்! அந்தப் புகைக்கு ஏங்கும் பழைய பந்தயக்காரர்கள் உண்டு.

எஞ்சின் கொள்ளளவை வைத்து ஏ, பி, சி என வகுப்புகள். பி வகுப்புக்கு 20 கன அங்குலம், அதாவது சுமார் 328 சிசி. எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே பலம் என்றால் யார் ஜெயிப்பது?

கடிகாரத்தைப் படிக்கத் தெரிந்தவர். படகுகள் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை. கரையில் பெரிய கடிகாரம் கடைசி நிமிடத்தைக் காட்டும். முள் சுற்றி முடியும்போது முழு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். இம்மி முந்தினால் அந்த ஹீட், அதாவது அந்த ஓட்டம், போச்சு. பிந்தினால் அதைவிடக் கொடுமை: முன்னால் போகும் படகுகள் எழுப்பும் தண்ணீர்த் திரைக்குள், முழங்காலிட்டபடி பாதையைக் குறிக்கும் முதல் மிதவையைக் குருட்டாம்போக்கில் சுற்றித் திரும்ப வேண்டும்.

புள்ளிக் கணக்கும் நிதானக்காரர் பக்கம்தான். ஒவ்வொரு ஹீட்டிலும் முதலிடத்துக்கு 400, அடுத்து 300, பிறகு 225; ஹீட்களின் புள்ளிகளைக் கூட்டித்தான் வெற்றி. ஒரு ஹீட்டில் ஜெயித்து மறு ஹீட்டில் கோட்டை முந்தியவருக்கு 400. இரண்டிலும் மூன்றாவதாக வந்தவருக்கோ 450. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர் கோப்பையோடு வீடு திரும்பியதன் சூட்சுமம் இதுதான்.

1947இல் கார்ல் கீக்ஹேஃபரின் மெர்குரி நிறுவனம் ‘லைட்னிங்’ மோட்டாரை 10 குதிரைசக்தி என்று எழுதி விற்றது. ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த எண் எவ்வளவு அடக்கமானது என்று தெரிந்துவிட்டது. கடையில் வாங்கிய மோட்டாரையே பந்தயத்தில் இறக்கும் ஸ்டாக் வகுப்பு அதன்பின் சூடுபிடித்தது. கூட்டம் பெருக, தொடக்கக் கோட்டில் நெரிசலும் பெருகியது.

வேகத்தை மட்டுமே பார்த்தால், 1958இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் ஹியூ என்ட்ராப் அவுட்போர்டு படகில் மணிக்கு 107 மைலைத் தாண்டினார்.  மகத்தான சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அன்று அவர் முகத்தில் தண்ணீரை வாரியடிக்க முன்னால் ஒரு படகுகூட இல்லை.