நிழற்படமும் ஓவியர் கண்ணும்

ஊரிலிருந்து வரும் உறவினரை மைசூர் அரண்மனைக்கு அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் எல்லார் கண்ணும் மயிலுருவம் பொலியும் கண்ணாடி விதானத்தையே நாடும். பின்னர், சுவர்களிலுள்ள தசரா ஊர்வல ஓவியங்களைப் பார்த்து, 'அப்படியே போட்டோவைப் போல இருக்கிறது' என்று பாராட்டி நகர்ந்துவிடுகிறோம். இப்பாராட்டு பொருந்துமா என்பதே நம் கேள்வி.

அவ்வோவியங்கள் 26. 1934 முதல் 1945 வரை ஓவியர் பலர் தீட்டியவை. 1930களின் ஊர்வலங்களைப் பிடித்த புகைப்படங்களை ஆதாரமாகக் கொண்டவை. இதனால் அவற்றின் பெருமை குன்றிவிடாது. ஊர்வலம் ஓவியருக்காகக் காத்து நில்லாது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரோ பணி முடியுமுன், 1940இல், மறைந்தார். அதன்பின் அவரைத் தீட்டப் படமே துணை. ஆயினும் அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் பட்டின் நிறத்தையும் பொன் அம்பாரியின் ஒளியையும் சொல்லாது. அவற்றைத் தம் கண்ணாலும் நினைவாலும் ஓவியரே நிரப்ப வேண்டும்.

குறையும் இல்லாமல் இல்லை. முகங்கள் தெளிவாக அமைந்த அளவுக்கு நடை அமையவில்லை; அணிவகுப்பு சில இடங்களில் நகராது நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. படம் பிடித்த கணத்தை விட்டு ஓவியர் துணிந்து விலகாததன் விளைவு இது.

இதனோடு ஜகன்மோகன் அரண்மனையிலுள்ள 'விளக்கேந்திய பெண்' ஓவியத்தை ஒப்பிடலாம். பலர் இதை ரவிவர்மாவினது என்பர், வரைந்தவர் எஸ். எல். ஹல்தங்கர். 1940களில், தம் மகள் கீதாவை விளக்குடன் நேரில் நிற்கச் செய்து நீர்வண்ணத்தில் தீட்டினார். விரல்களின் ஊடே கசியும் செவ்வொளி எதிரே நின்று கண்டவர்க்கே வாய்ப்பது.

ஆகவே, படத்தைப் பார்த்து வரைவது குற்றமன்று. படத்தோடு நின்றுவிடுவதே குறை. மறைந்த பெற்றோரின் பழைய படமொன்றைக் கொடுத்து, பெரிதாக வரைந்து தரக் கேட்பது நம் குடும்பங்களில் வழக்கம். படத்தை மட்டும் கொடுத்துத் திரும்பலாகாது. அன்னை விரும்பி உடுத்த சேலையின் நிறம், தந்தை சிரிக்கும்போது சுருங்கும் கண்கள் ஆகியவற்றையும் ஓவியருக்கு எடுத்துச் சொல்லல் வேண்டும். அவற்றை அறிந்தவர் நாமேயன்றி அந்தப் படம் அன்று.