குரங்கணிச் சரிவும் கோடை மலையேற்றமும்

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ வழிமறித்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்த மற்றொரு குழுவுமாக அங்கே 35-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். சர்வதேச மகளிர் தினத்தை ஒட்டி உற்சாகத்தோடு புறப்பட்டு வந்தவர்கள். ஒன்பது பேர் மலையிலேயே மாண்டனர். கிராமத்தாரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் தோள்கொடுத்துக் கீழே இறக்கியவர்களிலும், மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்களின் உதவியோடு மீட்கப்பட்டவர்களிலும் பலர், தீக்காயங்களின் கொடுமை தாளாமல் ஆஸ்பத்திரிகளில் ஒருவர்பின் ஒருவராக உயிர் நீத்தனர். மாண்டோர் தொகை முடிவில் 23 ஆயிற்று.

பந்தயங்களையும் ஆட்டங்களையும் அலசும் இந்தப் பத்தியில் இதை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மலையேற்றமும் ஒரு விளையாட்டே. அதில் ஈடுபடுவோரின் தேகபலத்தையும் பயிற்சியையும் மனத்திண்மையையும் நாம் மெச்சுகிறோம் என்றால், அதில் நேரும் மரணத்தையும் விதியின் செயல் என்று ஒதுக்கிவிடாமல் நிதானமாக ஆராயக் கடமைப்பட்டவர்கள் ஆகிறோம். ஆனால் சம்பவம் நடந்த நாட்களில் எழுந்த பேச்சோ வேறுவிதமாக இருந்தது. பட்டணத்துப் பெண்களுக்கு இந்தக் காட்டில் என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அனுமதியின்றிச் சென்றார்கள் என்று அரசுத் தரப்பு கூறியதோடு விசாரணையே முடிந்துவிட்டதாகக் கருதியவர்களும் இருந்தார்கள். அனுமதிச் சீட்டு அவசியம்தான். ஆயினும் அந்தச் சீட்டு எந்தத் தீயையும் அணைத்ததில்லை. மாண்டவர்களைக் குறை கூறுவதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. அந்தச் சரிவு அன்று எத்தகைய ஆடுகளமாக இருந்தது என்பதே நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள எங்கள் சின்னமனூரிலிருந்து பார்த்தால் மேற்கிலும் தெற்கிலும் அரணாக நிற்கும் இந்த மலைகள், தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைக் கேரளப் பக்கத்திலேயே பெய்வித்துவிட்டு, நம் பள்ளத்தாக்குக்கு மிச்சத்தை மட்டும் அனுப்புகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளரும் புல், தை பிறந்ததும் மஞ்சளித்து, மாசியில் சருகாகி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். மாசி, பங்குனி இரவுகளில் மலைமேல் தீ கோடு கோடாக எரிவதைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் ஆண்டுதோறும் காண்கிறோம். அடிக்கடி கண்டு பழகியதாலேயே அதன் பயங்கரம் நமக்கு உறைக்காமல் போய்விட்டது.

சமவெளியில் எரியும் தீயும் சரிவில் எரியும் தீயும் ஒன்றல்ல. சரிவில் தீயின் நாக்குகள் மேலே உள்ள புல்லின் பக்கம் சாய்கின்றன. அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிய விறகு எரியாமலே உலர்வதுபோல, தீ வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் புல் காய்ந்து சூடேறிவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது காட்டுத் தீயை ஆராய்ந்தவர்கள் கண்ட பொதுக் கணக்கு. அத்தோடு, வெயிலில் காய்ந்த மலைமுகம் பிற்பகலில் காற்றைக் கீழிருந்து மேலே இழுக்கும். சரிவு, காற்று, புல் மூன்றும் ஒரே திசையில் ஒன்றையொன்று தூண்டும் அந்த நேரத்தில், எத்தனை வலிமையுள்ள காலானாலும் தீயை ஓட்டத்தில் வெல்ல முடியாது. அபாயம் வந்ததும் பள்ளத்தில் ஒளிய நினைப்பது மனித சுபாவம். மலையிலோ வெப்பமும் புகையும் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் திரண்டு மேலேறும். தேகப்பயிற்சியில் சிறந்த ஒருவர்க்கும் இவற்றை யாராவது முன்கூட்டியே சொல்லித் தந்திருந்தால் அல்லாமல் தெரிய வழியில்லை.

குரங்கணிக்கு முன்னோடியான ஒரு சம்பவம் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் 1949-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடந்தது. மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் காய்ந்த புல் மூடிய செங்குத்துச் சரிவில் தீயணைக்கச் சென்ற 16 பேரில் 13 பேர் மாண்டனர். இவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்லர். பெரும்பாலோர் விமானத்திலிருந்து குதித்துத் தீயணைக்கப் பயின்ற திடகாத்திரமான வாலிபர்கள். அவர்களின் தலைவராகிய வாக்னர் டாட்ஜ், துரத்தி வரும் தீக்கு முன்னால் தாமே புல்லைக் கொளுத்தி, அது எரிந்து கரியான இடத்தில் குப்புறப் படுத்து உயிர் தப்பினார். எரிந்த நிலம் மறுபடி எரியாது என்பதே அவருடைய கணக்கு. அங்கே வரும்படி மற்றவர்களை அவர் அழைத்தும், அந்தக் கணத்தில் அதன் பொருள் அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் மேல்நோக்கியே ஓடினார்கள். பயின்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், குரங்கணியில் சிக்கியவர்களிடம் அந்தச் சில நிமிஷங்களில் எந்தச் சாதுரியத்தை நாம் எதிர்பார்க்க முடியும்? இந்த ஆட்டத்தின் தோல்வி தீ வந்த நிமிஷத்தில் நிர்ணயமாகவில்லை. காய்ந்த புல்லின் நடுவே பிற்பகலில் இறங்கும்படி பயணத்தை வகுத்தபோதே, இன்னும் சொன்னால் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்தபோதே, அது நிர்ணயமாகிவிட்டது.

இறங்குமுகத்தில்தான் குரங்கணி விபத்து நேர்ந்தது என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். 1865-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் அடைந்த எழுவரில் நால்வர், வெற்றிக்குப் பிறகு இறங்கும்போதே கயிறு அறுந்து வீழ்ந்து மடிந்தனர். உச்சியை அடைந்ததும் பயணம் நிறைவேறிவிட்டதாக மனம் தளர்கிறது. கால்களோ அதற்கு முன்பே தளர்ந்திருக்கின்றன. ஏறுமுகத்திலும் அபாயம் இல்லாமல் இல்லை. ஆல்ப்ஸில் கோடையில் நடப்பவர்களிடையே வீழ்ச்சிக்கு அடுத்தபடியாகத் திடீர் மாரடைப்பே முக்கியமான மரண காரணம். பழக்கமில்லாத உடலோடு, முதல் நாளிலேயே விரைந்து ஏறும் நடுவயது ஆண்களே அதற்கு அதிகம் இரையாகிறார்கள். நம் வெள்ளியங்கிரியில் 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஏறிய பக்தர்கள் பலர் மூச்சுத்திணறியும் நெஞ்சு அடைத்தும் இறந்தது இதே ரகத்தைச் சேர்ந்தது. பக்தியால் ஏறினாலும் விளையாட்டாக ஏறினாலும் இருதயத்துக்கு வேலை ஒன்றுதான்.

குரங்கணிக்குப் பிறகு அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2018-ஆம் ஆண்டிலேயே மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறக்கப்பட்டன. தீக்காலமாகிய பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவை மூடப்படுகின்றன. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். மலையை முற்றிலும் அடைத்துவிடுவது இளைஞர்களுக்கு இழைக்கும் அநீதி. காட்டை அறிந்த உள்ளூரார் முன்னே நடக்க, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஏறுவதே உசிதமான வழி.

ஆயினும் ஒரு குறை இருக்கிறது. ஏப்ரல் 15 என்பது காகிதத்தில் உள்ள தேதி. கோடை மழை பொய்த்த வருஷத்தில் சித்திரை முடிந்தும் புல் பச்சை கட்டாது. பாதையைத் திறக்கும் நாளை அந்தந்தச் சரிவின் ஈரத்தைப் பார்த்து, அந்தந்த வனச்சரகத்தார் முடிவு செய்யும் அதிகாரம் விதியிலேயே இடம்பெற வேண்டும். வழிகாட்டிகளுக்குத் தரும் பயிற்சியில், தீ எப்படி நகரும், எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்பதற்கு முதலிடம் தரவேண்டும்; புறப்படும் முன் அதைக் குழுவிலுள்ள ஒவ்வொருவரிடமும் சொல்லிப் புரியவைக்காமல் நடையைத் தொடங்கக்கூடாது. சுடரில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் பாலியெஸ்டர் சட்டைகளை அந்த மாதங்களில் தவிர்க்கவேண்டும் என்பதையும் அதோடு சொல்லலாம்.

சின்னமனூர் வழியாக மேகமலைக்குச் செல்லும் வாலிபர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மாசி, பங்குனியில் தென்பழனிச் சோதனைச் சாவடியைக் கடந்தபின், தார்ச்சாலையை விட்டுப் புல்மேட்டுக்குள் இறங்காதீர்கள். மேலே எங்கேனும் புகை தென்பட்டால் படம் எடுக்க நிற்காமல் உடனே திரும்பி வந்து, சாவடியில் உள்ள வனக்காவலரிடம் தெரிவியுங்கள்.