கம்பில் இரும்பு, கருத்தில் துரு!

ஏட்டிலே ஸ்ரீமுஷ்ணம், நாட்டார் நாவிலே திருமுட்டம். கடலுள் மறைக்கப்பட்ட மண்ணுலகைக் கடவுள் பன்றி உருவில் வந்து தன் கோட்டிலே ஏந்தி மீட்டார் என்னும் புராணத்துக்குக் கோயில் எழுப்பிய ஊர் அது. மாசி மகத்தை ஒட்டி அந்தப் பூவராகரைக் கிள்ளைக் கடற்கரைவரை சுமந்து செல்கின்றனர். கதையை நம்புவோர் நம்பட்டும். நாம் கேட்பது வேறு. மீட்கப்பட்ட மண்ணிலே விளைந்ததை உண்டும் நம் தாய்மாரின் குருதி வெளுத்துக் கிடப்பானேன்?

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. 2011ஆம் ஆண்டு முதல் விலையில்லா அரிசி வழங்கிய நாட்டிலேதான் இந்த நிலை! வயிறு நிறைந்தது, குருதி நிறையவில்லை. வெளுத்த பெண்ணைக் கண்டால் ‘கண்ணேறு’ என்கிறாள் பாட்டி. ‘தலைவிதி’ என்கிறான் சோதிடன். இல்லை தோழர்களே! பெரும்பாலும் அது இரும்புக் குறைவு. எழுதியவன் பிரமன் அல்லன். எழுதியது நம் உணவுத் தட்டு.

இதற்கு அறிவியல் கண்ட வழிகளுள் ஒன்று, சத்தைப் பயிரின் விதையிலேயே பெருக்குவது. மந்திரம் ஏதும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டு உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கம்பிலிருந்து பிறந்தது ஓர் இரகம். ஐதராபாத்தை அடுத்த இக்ரிசாட் ஆய்வு நிலையம், அந்த இரகத்துள் இரும்பு மிகுந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, மகாராட்டிரத்து மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ‘தனசக்தி’ என்னும் கம்பை ஆக்கிற்று. 2012இல் மகாராட்டிரத்திலும், 2014இல் தமிழகம் உள்ளிட்ட பிற மாநிலங்களிலும் அது வெளியிடப்பட்டது. பழைய இரகங்களில் கிலோவுக்கு 45 முதல் 50 மில்லிகிராம் இரும்பு. இதிலோ 81 மில்லிகிராம் எனக் கணக்கிட்டுள்ளனர். அது மட்டுமா? இது வீரிய ஒட்டு அன்று. ஆகவே உழவன் தன் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் விதை வணிகன் வாயிலில் நிற்கவேண்டிய அடிமைத்தனம் இல்லை.

சொன்னால் போதுமா, மெய்ப்பிக்க வேண்டாவா? மகாராட்டிரத்தில் 12 முதல் 16 வயதுவரையுள்ள 246 மாணவர்க்கு ஆறு மாதம் கம்பு ரொட்டி கொடுத்துச் சோதித்தனர். முடிவு 2015இல் வெளிவந்தது. இரும்புக் குறைவோடு இருந்தவர்களுள், சத்துக்கம்பு உண்டோர் குறை நீங்கப் பெற்ற வாய்ப்பு, வழக்கமான கம்பு உண்டோரைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது.

நெல்லிலும் முயற்சி நடந்தது. 2016இல் வெளிவந்த டி.ஆர்.ஆர். தான் 45 என்னும் நெல், தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம் கொண்டது. வழக்கமான இரகங்களில் 12 முதல் 16தான். ஆனால் துத்தநாகம் மிகுந்த வேறோர் அரிசியை வங்கதேசக் குழந்தைகளுக்கு அளித்துச் செய்த ஆய்வு, அவர்தம் குருதியில் துத்தநாக அளவு உயரவில்லை என்று 2022இல் அறிவித்தது. இதனையும் நாம் மறைக்கமாட்டோம். சாதகமானதை மட்டும் எடுத்தோதுவது புராணிகன் தொழில். பகுத்தறிவாளன் தொழில் அன்று. மண்ணிலே இல்லாத துத்தநாகத்தை விதை படைத்துத் தராது என்பதையும் மறவாதிருப்போம்.

ஆக, சோதனையில் நன்கு தேறியது கம்பு. நாம் கைகழுவியதும் அந்தக் கம்பையே! பழைய தென்னார்க்காட்டு மேட்டு நிலங்களில் கம்பும் வரகும் காற்றில் ஆடிய காலம் உண்டு. பின் ஏன் போயிற்று? பாசன நீரும் அரசின் நெல் கொள்முதலும் காரணங்கள்தாம். அவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. மனிதரில் மேல் கீழ் வகுத்த நாடு, தானியத்திலும் மேல் கீழ் வகுத்தது. வெள்ளைச் சோறு மேலோர் உணவாம்! கூழ் பண்ணையாளின் உணவாம்! விருந்தினர் வந்தால் கூழ்ப்பானையை மறைத்த நாணம் யார் புகுத்தியது? தவிட்டைத் தீட்டி எறிந்து, வெளுப்பை உயர்வென்று போற்றினோம். அந்த வெளுப்பு இன்று முகத்தில் ஏறி நிற்கிறது.

ஆகவே நம் திறனாய்வு விதையின்மீது அன்று. விதையை வெளியிட்டதும் கடமை முடிந்தது என்று கருதும் போக்கின்மீது. இரும்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியாத சத்துக்குச் சந்தை கூடுதல் விலை தராது. விலை இல்லையேல் உழவன் விதைக்கமாட்டான். இந்தக் கண்ணியை அறுக்கவல்லது அரசின் கொள்முதல் ஒன்றே. 1920இல் நீதிக்கட்சியின் சென்னை மாநகராட்சி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறிட்டது. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிந்தது. 2022இல் காலை உணவு வந்தது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாய விலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகும் தொடங்கப்பட்டது. கேழ்வரகுக்குத் திறந்த கதவு சத்துக்கம்புக்குத் திறவாதா? விருத்தாசலத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுற்றிலும் மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே விதை பெருகட்டும். சத்துணவுக் கூடங்கள் வாங்கட்டும். கம்பு மாவு சில நாளில் கசக்கும். ஆதலின் ஊர்தோறும் அரைத்து, உடனே சமைக்க ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்று. கம்பிலே எத்துணை இரும்பு ஏற்றினும், ஆண்கள் உண்டபின் எஞ்சியதே பெண்ணுக்கு என்னும் வழக்கம் இருக்குமட்டும், அது அவள் குருதிக்குப் போய்ச் சேராது. அந்த வழக்கத்தை ஒழிக்க எந்த ஆய்வு நிலையமும் விதை தராது. அது நம் வேலை.

இளைஞர்களே! மண்ணை மீட்டவன் கதையை ஊரார் ஆண்டுதோறும் சுமக்கட்டும். மண்ணின் சத்தை மக்களின் குருதிக்கு மீட்டுத்தரும் பணியை நாம் சுமப்போம். கம்பில் இரும்பு ஏறிவிட்டது; நம் கருத்தில் ஏறிய துருவைத் துடைப்பதே மிச்சம்!