தோட்டத்து அடுக்களையும் மலேசியத் தமிழ்ப் புனைகதையும்

புறநானூற்றின் 164ஆம் பாடலில் ஓர் அடுப்பு வருகிறது. சமைத்தலையே மறந்துபோன அடுப்பு அது. அதன்மேல் காளான் பூத்திருக்கிறது. பாலற்ற மார்பைச் சுவைத்து ஏமாந்த குழந்தை தாயின் முகத்தை நோக்குகிறது. தாய் தன் கணவனை நோக்குகிறாள். அவளை நோக்கிய பெருந்தலைச் சாத்தனார் காட்டில் ஒதுங்கி வாழும் குமணனைத் தேடிச் செல்கிறார். குறுந்தொகையின் 167ஆம் பாடலிலும் ஓர் அடுப்பு உண்டு. அது எரிந்துகொண்டிருக்கிறது. புதிதாக இல்லறம் ஏற்ற பெண் கட்டித் தயிரைத் தன் மெல்விரலாற் பிசைகிறாள். விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை அவள் கண்ணை நிறைக்கிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் சுவைத்து உண்ணும்போது அவள் முகத்தில் நுண்ணியதொரு மகிழ்ச்சி படர்கிறது. மகளின் மனைக்குச் சென்று திரும்பிய செவிலி நற்றாய்க்கு உரைக்கும் செய்தியாகக் கூடலூர் கிழார் இதனைப் பாடினார்.

இவ்விரண்டு அடுப்புகளையும் தமிழ்க் கவிதை ஒருங்கே போற்றிக் காத்தது. மலேசியத் தமிழ்ப் புனைகதையோ, தோட்ட வாழ்வை எழுதப் புகுந்தபோது, முதல் அடுப்பைத் தன் உடைமையாக்கிக்கொண்டது. இரண்டாவதன் பக்கம் அரிதாகவே திரும்பியது. பசி எழுதப்பட்டது, சமையல் எழுதப்படவில்லை. இது சிறு குறை எனத் தள்ளத்தக்கதன்று.

பசி எழுதப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. 1942 முதல் 1945 வரை நிலவிய சப்பானியர் ஆட்சியும், 1942-43இல் சயாம் பர்மா எல்லைக் காட்டில் போடப்பட்ட இரயில் பாதையும் தோட்டத் தமிழரின் நினைவில் ஆறாத புண்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அப்புண்ணைத் தொட்டவை. மலேசியாவை நேரில் கண்டு சென்றபின் அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' தோட்டத் தொழிலாளியின் வறுமையைத் தமிழகத்து வாசகர்க்கு அறிமுகம் செய்தது. இவற்றின் பணி பெரிது. இவற்றைப் பின்பற்றி எழுந்த பலவற்றில்தான் பசி ஒரு வாய்பாடாகச் சுருங்கிற்று. 'வயிறு எரிந்தது', 'குடல் சுருண்டது' என்ற அளவில் கதை நின்றுவிடுகிறது. அன்று அந்த வீட்டில் எது இல்லை, எது இருந்தது, இருந்ததைக்கொண்டு தாய் என்ன செய்தாள் என்ற கேள்விகள் எழுவதில்லை.

சிறுபாணாற்றுப்படை இங்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. வறுமையுற்ற கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வருகிறாள், உப்பின்றி வேகவைக்கிறாள், புறங்கூறுவார் காணாதபடி கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். நல்லூர் நத்தத்தனார் அங்கே பசியின் கொடுமை பற்றி விரிவுரை நிகழ்த்தவில்லை. கீரையின் பெயர், இல்லாத உப்பு, அடைத்த கதவு ஆகிய மூன்றே போதுமாயின. சமையலை அறிந்த புலவரால்தான் பசியையும் இவ்வாறு எழுத முடியும். உண்ணும் சுவையை எழுதுவது வறியோர்க்கு இழைக்கும் துரோகம் என்று கருதும் திறனாய்வாளர் உண்டெனில், அவர்க்கு இப்பகுதியைக் காட்டலாம்.

இனி, கோல சிலாங்கூர் வட்டாரத்தையும் அதற்கு வடக்கே பரந்த தோட்டங்களையும் நோக்குவோம். பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழிதோறும் நிலம் மாறுகிறது. நிலத்தோடு சோறும் மாறுகிறது. எயினர் மனையில் நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல், ஆயர் குடியில் பாலும் தினைச்சோறும், உழவர் இல்லத்தில் நெற்சோறு, வலைஞர் குடியில் மீன். சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்திலிருந்து உள்நாட்டை நோக்கி ஒருவர் நடந்தாலும் இத்தகைய மாற்றத்தையே காண்பார். பாசிர் பெனம்பாங், ஜெராம் ஆகிய மீனவர் குடியிருப்புகள் கடலோரத்தில் உள்ளன. அருகிலுள்ள தோட்டத்து லயங்களுக்கு மீனும் கெராங்கும் கருவாடும் எளிதில் வந்து சேர்ந்தன. கரையோர மண்ணில் தென்னை செழித்ததால் குழம்பில் தேங்காய்ப்பால் தாராளம். வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் 1930-களில் சதுப்புநிலம் திருத்தப்பட்டு நெல்வயலாயிற்று. கிழக்கே பத்தாங் பெர்ஜுந்தை கடந்து உலு சிலாங்கூரை அணுகும்போது கடல்மீன் அருகிக் கருவாடு மிகுகிறது. காட்டு விளிம்பில் பன்றியும் உடும்பும் வேட்டைக்கு உரியவை. நாயோடு உடும்பு தேடிச் சென்ற தோட்டத்து இளைஞன் தான் எயினர் மரபில் நடப்பதை அறிந்திருக்கமாட்டான்.

இவ்வளவு வேறுபாடு மண்ணில் இருக்க, கதைகளில் வருவது பெரும்பாலும் 'ஒரு ரப்பர்த் தோட்டம்' மட்டுமே. அது கெடாவிலும் இருக்கலாம், ஜொகூரிலும் இருக்கலாம். மரமும் பால்வாளியும் கங்காணியும் எங்கும் ஒன்றே. தோட்டத்திற்குத் தோட்டம் வேறுபட்டது உலையிலும் சட்டியிலும் கிடந்தது. அதனை எழுதாமையால் இடமும் எழுதப்படாமற் போயிற்று.

சோற்றை எடுத்துக்கொள்வோம். வட ஆர்க்காடு, சேலம், திருச்சி முதலிய பகுதிகளின் புன்செய் ஊர்களிலிருந்து கப்பலேறியவர்களின் அன்றாட உணவு கம்பும் கேழ்வரகும் சோளமும். நெற்சோறு அவர்களுட் பலர்க்கு நல்ல நாளில் மட்டும் கிட்டுவது. மலாயாவிலோ நாள்தோறும் அரிசி. அதுவும் விளைந்த அரிசியன்று. இரங்கூனிலிருந்து கப்பலில் வந்து, கூலியில் கழிக்கப்பட்ட அரிசி. கனவாயிருந்த சோறு இவ்வாறு கடனாக வந்து சேர்ந்தது. ஒரு நாவலுக்குப் போதிய முரண் இதில் அடங்கியிருக்கிறது.

அவ்வரிசி பெரும்பாலும் புழுங்கலரிசி என்பது மருத்துவ வரலாற்றிலும் பதிவாகிய செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களில் தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் பெருந்தொகையாக மாண்டனர். அதே காலத்தில் புழுங்கலரிசி உண்ட தமிழர்க்கு அந்நோய் அரிதாகவே கண்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இவ்வேறுபாட்டை உற்றுநோக்கி 1907இல் நூலாக வெளியிட்டார். பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவர் ஆய்வு நடத்தி, நோய்க்குக் காரணம் தீட்டுகையில் இழக்கப்படும் சத்தே என்ற முடிவுக்கு வழிவகுத்தனர். நெல்லை அவித்து உலர்த்திக் குத்தும் பழைய பக்குவம் எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. மருத்துவர் கண்ட இந்தச் சோற்றுப்பானையை எழுத்தாளர் காணாதது வியப்பே.

எழுத்தாளர் எண்ணாத மிளகாயை அரசு அதிகாரி எண்ணினார். 1920-களில் தோட்டத் தொழிலாளர்க்கு அடிப்படைக் கூலி வகுக்கப்பட்டபோது, ஒரு குடும்பத்திற்கு மாதம் எவ்வளவு அரிசி, உப்பு, புளி, மிளகாய், எண்ணெய் வேண்டும் எனக் கணக்கிட்டே கூலி முடிவாயிற்று. தோட்டத்து அடுக்களையை உருப்படி உருப்படியாக எழுதிவைத்த ஏடு அதுதான். அதன் நோக்கம் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் உயிர் நிற்கும் என்று காண்பது. உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930இல் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாகவும், பெண்ணுக்கு 40 காசாக இருந்தது 32 காசாகவும் குறைக்கப்பட்டன. குறைந்த அந்தக் காசுகள் எந்தச் சட்டியிலிருந்து எடுக்கப்பட்டன? பருப்பிலிருந்தா, எண்ணெயிலிருந்தா, குழந்தையின் பாலிலிருந்தா? இக்கேள்விக்கு விடை கூறும் தகுதி புனைகதைக்கே உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுடைய தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஒதுக்கப்படவேண்டும் என்றது. லயத்தின் பின்புறத்து முருங்கையும் மரவள்ளியும் சட்டத்திலேயே இடம்பெற்றவை. இலக்கியத்தில் அவற்றிற்கு அந்த அளவுகூட நிலம் ஒதுக்கப்படவில்லை.

மரவள்ளியோ சப்பானியர் காலத்தில் உயிர்காத்த தெய்வமாயிற்று. போருக்கு முன் மலாயா தன் அரிசித் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கை வெளியிலிருந்து பெற்றது. கப்பல் நின்றதும் சோறு நின்றது. வேகவைத்தும், சுட்டும், துருவி உலர்த்தி மாவாக்கியும், அம்மாவை அப்பமாகத் தட்டியும் பெண்கள் கிழங்கைப் பல வடிவில் படைத்தனர். போர்க்காலக் கதைகளில் 'கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தோம்' என்ற வாக்கியம் மட்டும் எஞ்சி நிற்கிறது. கிழங்கை எவ்வாறெல்லாம் மாற்றிக் கொடுத்தால் குழந்தை சலிக்காமல் உண்ணும் என்று கண்டறிந்த தாயின் அறிவு அவ்வாக்கியத்தில் இல்லை.

இந்த இடத்தில்தான் குறையின் வேர் தென்படுகிறது. தோட்டக் கதைகளில் பெண் பெரும்பாலும் மரத்தடியில் அறிமுகமாகிறாள். உளியும் வாளியும் ஏந்தி, கங்காணியின் பார்வைக்கு அஞ்சி நிற்கிறாள். அவள் அன்றைய உழைப்பைத் தொடங்கியது அங்கேயன்று. பெரட்டுக்குச் செல்லுமுன், விடியலுக்கு நெடுநேரம் முன்பே, ரப்பர் விறகை மூட்டி வரக்கோப்பி வைத்தாள். முதல்நாள் நீரூற்றிய சோற்றுக்குக் கருவாடு சுட்டாள். கணவனுக்கும் தனக்கும் தூக்குச்சட்டியில் கட்டினாள். ஆயாக் கொட்டகையில் விடவேண்டிய குழந்தைக்குக் கஞ்சி வைத்தாள். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலுக்குப் பின் திரும்பியவள் மீண்டும் அடுப்பருகே சென்றாள். சம்பளப் புத்தகத்தில் ஏறாத இந்நேரத்தைக் கதையாசிரியரும் தம் கணக்கில் ஏற்றவில்லை. ஆடவர் எழுதிய கதைகளே மிகுதி என்பது ஒரு காரணமாகலாம். அடுக்களை இலக்கியத்திற்குத் தாழ்ந்தது என்ற எண்ணம் மற்றொன்று. கூடலூர் கிழார் ஆடவரே என்பதால் முதற்காரணம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று.

மொழிச் சிக்கலும் ஒன்றுண்டு. தோட்டத்து அம்மியில் காய்ந்த மிளகாயோடு பெலாச்சான் சேர்த்து அரைத்ததைப் பெண்கள் சம்பால் என்றே அழைத்தனர். அதனைத் துவையல் என்று எழுதினால் தமிழ் தூய்மையாகலாம், பண்டம் வேறாகிவிடும். கங்கோங்கும் சாவியும் கெராங்கும் அண்டை வீட்டு மலாய்க்காரரிடமிருந்தும் சீனர் கடையிலிருந்தும் தமிழர் அடுக்களைக்கு வந்தவை. அவற்றின் பெயரிலேயே அவை வந்த வழி எழுதப்பட்டுள்ளது. தூய தமிழ்ப் பற்று மேடைக்கும் பாடநூலுக்கும் பெருநன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. சட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை மறைக்கும் அளவிற்கு அது கதையினுள் நுழைய வேண்டியதில்லை. மலேசியத் தமிழர் காலையுணவைப் 'பசியாறுதல்' என்கின்றனர். ஒருவரையொருவர் காணும்போது 'பசியாறியாச்சா?' என்பதே நலம் உசாவும் முறை. இப்பேச்சு வழக்கை எந்தத் தயக்கமுமின்றி உரையாடலில் கையாளும் எழுத்தாளர்கள், பசி எதைக்கொண்டு ஆறியது என்பதையும் அடுத்த வரியில் சொல்லிவிடலாம்.

கோல சிலாங்கூர் உலக இலக்கியத்திற்கே அறிமுகமான இடம் என்பதும் நினைக்கத்தக்கது. இங்கே தோட்டம் நடத்திய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோன்னியே எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930ஆம் ஆண்டின் கோன்கூர் பரிசைப் பெற்றது. மலாயாவின் ஆன்மாவை அவர் மலாய்ப் பாந்துன்களின் வழியே தேடினார். தமிழ்த் தொழிலாளரை அவர் நன்கறிவார். ஆயினும் துரை வீட்டுத் திண்ணையிலிருந்து லயத்து அடுப்பின் புகை தெரியும், கொதிப்பது என்ன என்பது தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் லயத்திலிருந்தே வரவேண்டும்.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அவரது முயற்சியால் தென்னமாரத்தில் உருவாயிற்று. பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை. காலப்போக்கில் இவ்வட்டாரத்தின் ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம்விட்டன. ரப்பர் மரம் போனதும் அதன் விறகும் போயிற்று. எரிவாயு அடுப்பு வந்தது. தோட்டத்தார் வெட்டிச் சேர்த்த பழத்தின் எண்ணெயே பின்னாளில் அவர்கள் வாணலியிலும் நிறைந்தது. தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. பத்தாங் பெர்ஜுந்தையே 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. அடுக்குமாடி வீட்டில் அம்மிக்கு இடமில்லை. பின்கட்டு முருங்கைக்கும் இடமில்லை. புழுங்கலரிசியின் பதம், மரவள்ளி மாவின் பக்குவம், கருவாட்டின் உப்பைக் கழுவி எடுக்கும் அளவு ஆகியவற்றை அறிந்த மூதாட்டியர் குறைந்துவருகின்றனர்.

அவர்கள் கைப்பக்குவம் குறிப்பேட்டில் ஏறினால் அது சமையற் குறிப்பு. ஒரு பாத்திரத்தின் கையில் ஏறினால் கதை. இத்தகைய கதை ஒன்று வகுப்பறைக்கு வருமாயின், அதில் கெராங் மணக்கிறதா, வெறுங்கருவாடு மணக்கிறதா என்பதைக்கொண்டே அது ஜெராமா, உலு சிலாங்கூரா என்று மாணவர் சொல்லிவிடுவர். ஆசிரியர் வரைபடத்தைத் தேடவேண்டியிராது.