கூரையும் பள்ளி மணியும்

ஒரு பாடசாலைக் கட்டடம் வெயிலோடு எப்படி ஒத்துப்போகிறது என்று அளக்கப் போகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது வெப்பமானியை அல்ல, நேரசூசியை.

லடாக்கின் ஷே கிராமத்தில், சுமார் 3,500 மீற்றர் உயரத்தில் ட்ருக் வெண்தாமரைப் பள்ளி இருக்கிறது. குளிர்காலத்தில் உறைநிலைக்கு 20 பாகை கீழே இறங்கும் இடம் அது. அங்கே வகுப்பறைகளை நேர் தெற்கே பார்க்க வைக்கவில்லை. கிழக்குப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். முதல் பாடம் தொடங்கும்போதே வெயில் உள்ளே வந்துவிட வேண்டும். விடுதியோ நேர் தெற்கைப் பார்க்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் தடித்த சுவர் பகல் வெயிலைச் சேர்த்துவைத்து, பிள்ளைகள் உறங்கும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. விடுதியை நண்பகலில் அளந்தால் என்ன தெரியும்? விடியற்காலையில் அளக்க வேண்டும்.

இலங்கையில், எங்கள் வடக்கில் கணக்கு வேறு. அரைச்சுவர் மண்டபம், சீற் கூரை, காலை 7.30இலிருந்து பகல் 1.30 வரை படிப்பு. சீற் மெல்லியது, வெயில் ஏற ஏற அதன் உட்புறமும் உடனே கொதிக்கும். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சிக்கு வந்துவிடும், சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றோ தொடங்கியிராது. அரைச்சுவருக்கு மேலால் வரக் காற்றில்லாத நாட்கள் அவை. நானும் அப்படியொரு மண்டபத்தில் இருந்து படித்தவன்; கடைசிப் பாடத்தில் தலை எரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. சோளகம் வீசும் ஜூலையில் அளந்துவிட்டு, கட்டடம் நல்லது என்று எழுதுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, கூரையிலிருந்து இறங்கும் அனல் அதில் முழுதாகப் பிடிபடாது. கறுப்புப் பூசிய வெற்றுக் குண்டுக்குள் வெப்பமானியை வைத்து, இருக்கும் பிள்ளையின் தலை உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

தமிழ்நாட்டுக் கொங்கிரீற் கூரை எங்கள் சீற்றுக்கு நேர்மாறு. மேலே விழும் வெப்பம் உட்புறம் வந்து சேரச் சில மணி நேரம் எடுக்கும். பள்ளியோ மாலை 4 மணியளவு வரை நடக்கிறது. நண்பகலில் நல்ல பெயர் வாங்கும் அதே அறை கடைசிப் பாடங்களில் புழுங்கும். எங்கள் சீற்றைக் கழற்றிக் கொங்கிரீற் போட்டால் 1.30 மணிக்குள் பிள்ளைகள் தப்பிவிடலாம். பின்னேர வகுப்புக்கு வருபவர்கள்தான் அகப்படுவார்கள்.

எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கு இந்தியாவில் 2014இல் தமக்கென ஒரு அளவுமுறை வகுத்தார்கள். வெளிவெப்பம் கூடினால் உடலுக்கு இதமான அளவும் கூடும் என்பது அதன் அடிப்படை. நல்ல முயற்சிதான். ஆனால் அதற்காகக் கேள்வி கேட்கப்பட்டவர்கள் அலுவலக ஊழியர்கள். சீற்றுக்குக் கீழே நடுவரிசையில் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம், கடைசிப் பாடம் நடக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.