வெண்குட்டமும் வெண்புள்ளியும்: தோல்நோய்ப் பெயர்கள் குறித்து ஒரு நோக்கு

மருத்துவக் கலைச்சொற்களை மதிப்பிடுவோர் தூய்மை, எளிமை, சுருக்கம் ஆகியவற்றையே பெரிதும் அளவுகோலாகக் கொள்கின்றனர். தோல்நோய்ப் பெயர்களுக்கு இவை மட்டும் போதா. ஒரு பெயர் நோயாளியை எந்த நோயாளரோடு சேர்த்து எண்ணச் செய்கிறது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

தோலில் தோன்றுவனவற்றைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. பரு, கொப்புளம், தடிப்பு, திட்டு முதலியன கண்ணுக்குப் புலனாகும் வடிவத்தையே சுட்டுகின்றன. மருத்துவரும் முதலில் வடிவத்தைக் கண்டு, பின்னரே காரணத்தைத் துணிகிறார். எனவே இச்சொற்களால் குழப்பம் நேர்வது அரிது. ஒரு நோயின் பெயரை வேறொரு நோய்க்கு ஏற்றும்போதே சிக்கல் எழுகிறது.

வெண்குட்டம் இதற்குத் தக்க சான்றாகும். சித்த மருத்துவம் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பகுப்பது மரபு. அங்குக் குட்டம் என்பது தோல்நோய்கள் பலவற்றைத் தழுவிய பொதுப்பெயர். பிற்கால வழக்கில் அச்சொல் தொழுநோயையே குறிப்பதாகப் பொருள் சுருங்கியது. வெண்குட்டம் என்னும் தொகைச்சொல்லோ மாறாது நின்றது. அதனால், அதுவும் தொழுநோயின் ஒரு வகையே எனக் கேட்போர் கொள்ளலாயினர். தொழுநோய், 1873இல் ஹான்சன் கண்டறிந்த நுண்ணுயிரியால் வருவது. வெண்திட்டுகளோ தோலின் நிறமிச் செல்கள் அழிவதால் தோன்றுபவை, பிறரைத் தொற்றாதவை.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு அமைந்த நாடு இது. அந்நோயின் பெயரே ஒருவரைக் குடும்பத்தினின்று பிரிக்கப் போதுமானதாயிருந்த காலம் உண்டு. அப்பெயரைத் தொற்றா நோய்க்குச் சூட்டினால் திருமணப் பேச்சும் வேலைவாய்ப்பும் காரணமின்றித் தடைப்படும். மலாய்மொழி 'குஸ்தா' எனத் தொழுநோயையும் 'சோப்பாக்' எனத் தோல் வெளுத்தலையும் வேறுபடுத்துவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

சித்த மருத்துவத்தில் வழங்கும் வெண்படை என்னும் பெயரை மாற்றாகக் கொள்ளலாமா? பேச்சுவழக்கில் படை என்றால் பரவும் பூஞ்சைத் தொற்றே நினைவுக்கு வரும். ஆகவே அதுவும் பொருந்தாது. வெண்புள்ளி என்பது காரணம் எதனையும் ஏற்றாமல் கண்டதை மட்டும் கூறுகிறது. பரந்த திட்டைப் புள்ளி என்பது முற்றும் துல்லியமன்று எனினும், அக்குறை எவரையும் இழிவுபடுத்துவதில்லை.

மரபுச் சொல்லைக் கைவிடுவதா எனச் சிலர் வினவக்கூடும். பழைய மருத்துவ நூல்களைப் பதிப்பிக்கும்போது வெண்குட்டம் என்ற சொல்லை உரிய விளக்கத்துடன் காத்தல் நம் கடமை. ஆயின் பாடநூலிலும் அகராதியிலும் மருத்துவமனைக் கையேட்டிலும் வெண்புள்ளி என்பதே இடம்பெறுதல் வேண்டும்.